கடல் கடக்குமுன் எழுதிக்கொள்க

முன்னுரை

பொருள் தேடிப் பிரிதல் தமிழருக்குப் புதிதன்று. அகப்பொருள் இலக்கணம் அதனைப் 'பொருள்வயிற் பிரிவு' எனப் பெயரிட்டு வகுத்துள்ளது. கடல்வழிச் செல்வோர் தலைவியை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியப் பொருளதிகாரம் குறிப்பிடுகின்றது. வளைகுடா நாடுகளுக்குச் சென்று உழைப்போரை நம் ஊர்களில் 'சபுராளி' என்கிறோம். அவர்களுள் பெரும்பாலோரின் நிலையும் இதுவே. அந்நாடுகளில் குடும்பத்தை அழைத்துக்கொள்வதற்கு வருவாய் வரம்பு உண்டு. வேலை முடிந்தால் விசாவும் முடியும். ஆகவே வளைகுடாவிற்குக் குடிபெயர்வோர் திரும்பி வருவதையும் எண்ணியே புறப்பட வேண்டும். புறப்படுமுன் கருத வேண்டியவற்றுள் முதன்மையானவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மறை காட்டும் நெறி

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமாகும். அது பேசுவது கொடுக்கல் வாங்கலைப் பற்றியே. தவணைக் கடனை எழுதிக்கொள்ளுதல், எழுதுவோர் நீதியுடன் எழுதுதல், சாட்சிகளை அமைத்தல், தொகை சிறிதாயினும் எழுதச் சோம்பாதிருத்தல் ஆகியவற்றை அது வலியுறுத்துகின்றது. அயல்நாட்டுப் பயணத்திற்கும் இந்நெறி முற்றிலும் பொருந்தும்.

பணி ஒப்பந்தம்

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பயின்ற வணிகவியல் மாணவர் ஒருவர், கணக்கர் பணி என்று முகவர் வாய்மொழியாகக் கூறியதை நம்பித் தாயாரின் நகையை அடகு வைத்துச் சென்றார். அவர் கையிலிருந்தது சுற்றுலா விசா. அங்குக் கிட்டியதோ பண்டகசாலையில் மூட்டை சுமக்கும் வேலை. நான்கு திங்களில் திரும்பி வந்தார். "ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன் ஐயா, அதில் என்ன இருந்தது என்று படித்துப் பார்க்கவில்லை" என்றார். ஈராண்டுகள் அவருக்கு மொழிப்பாடம் கற்பித்த எனக்கு அச்சொல் இன்றும் நெஞ்சை உறுத்துகின்றது.

பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற வேண்டும். அப்போது ஒப்பந்தம் பார்க்கப்படும். 10 இலட்சம் ரூபாய்க்கான பிரவாசி பாரதிய பீமா காப்பீடும் கட்டாயமாகும். பட்டதாரிகளுக்கோ இவ்வனுமதி தேவையில்லை. எனவே அவர்களுடைய ஒப்பந்தத்தைப் பார்த்துத் தருவார் எவரும் இலர். தாமே படித்தறிய வேண்டும். படித்தவர் ஏமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

முகவர் அரசிடம் பதிவு பெற்றவர்தாமா என்பதை 'இ-மைகிரேட்' இணையத்தளத்தில் காணலாம். அவர் பெறத்தக்க சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்குரிய வரியுமே. 1978இல் தொடங்கப்பெற்ற தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தையும் நாடலாம்.

ஒப்பந்தத்தில் மொத்த ஊதியத்தை மட்டும் நோக்குதல் போதாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஓராண்டேனும் பணியாற்றியவர்க்குப் பணிக்கொடை உண்டு. முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் ஊதியமும், அதன்பின் 30 நாள் ஊதியமும் கணக்கிடப்படும். இக்கணக்கு அடிப்படை ஊதியத்திற்கு மட்டுமே உரியது. இருவர் மாதம் 2,500 திர்ஹம் பெறுவதாகக் கொள்வோம். ஒருவர்க்கு அடிப்படை ஊதியம் 2,000, மற்றவர்க்கு 1,000. ஐந்தாண்டு முடிவில் முன்னவர் 7,000 திர்ஹமும் பின்னவர் 3,500 திர்ஹமும் பெறுவர். ஒரே உழைப்புக்குப் பயன் பாதியாகிவிடுகின்றது. உறையுள், மருத்துவக் காப்பீடு, விடுப்பு, திரும்பும் பயணச்சீட்டு ஆகியவையும் எழுத்தில் இடம்பெறல் வேண்டும். மருத்துவத் தகுதிச் சோதனை முடிவு வந்த பின்னரே கடன் வாங்குதல் நன்று.

பயணப் பெட்டி

அன்னையர் கட்டித்தரும் மசாலாவில் கசகசா இருத்தலாகாது. அமீரகத்திலும் சவூதி அரேபியாவிலும் அது தடைசெய்யப்பட்ட பொருளாகும். கோடீன், டிரமடால் கலந்த மருந்துகளும் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டவை. மருத்துவர் எழுதித்தந்த மருந்தாயினும் அந்நாட்டு விதியை அறிந்து, முன்அனுமதி வேண்டுமெனில் பெற்றே கொண்டுசெல்ல வேண்டும். கடவுச்சீட்டு, ஒப்பந்தம், சான்றிதழ்கள் ஆகியவற்றின் படிகள் இல்லத்தில் ஒரு தொகுதி இருத்தல் இன்றியமையாதது.

இல்லத்து ஏற்பாடு

வெளிநாட்டில் வாழ்வோர் தம் பழைய சேமிப்புக் கணக்கை 'என்.ஆர்.ஓ.' கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். ஈட்டும் பொருளை அனுப்ப 'என்.ஆர்.ஈ.' கணக்கு ஏற்றது.

இருபதாண்டுகள் பாலையில் உழைத்த பெரியவர் ஒருவரை அறிவேன். தம் பணத்தில் தம்பியின் பெயரில் மனை வாங்கினார். தம்பி மறைந்தபின் அவர்தம் மக்கள் அது தங்கள் தந்தையின் சொத்து என்றனர். மறுத்துக் காட்டப் பெரியவரிடம் ஒரு வரி எழுத்தும் இல்லை. 1988ஆம் ஆண்டுப் பினாமிச் சட்டமும் பொதுவாக இத்தகைய உரிமைகோரலுக்கு இடந்தருவதில்லை. மனை தம் பெயரில் இருக்க வேண்டும். பொது அதிகார ஆவணம் தருவதாயின், எந்தச் செயலுக்கு என்பதை வரையறுத்தே தர வேண்டும். வாங்கிய கடன், கொடுத்த கடன், மனைவிக்குத் தர வேண்டிய மஹர் ஆகியவற்றைக் குறித்துவைத்து, அக்குறிப்பு இருக்குமிடத்தை மனைவியும் அறியச் செய்ய வேண்டும். உடன்பிறந்தார்மேல் நம்பிக்கையின்மையால் இதனைக் கூறவில்லை. உறவு கெடாதிருக்கவே எழுத்து வேண்டும் என்கிறேன்.

முடிவுரை

மாணவச் செல்வங்களே, கையெழுத்திடும் தாளை முழுதும் படியுங்கள். பொருள் விளங்காவிடின் ஆசிரியரிடம் கொண்டு வாருங்கள். ஜமாஅத்துப் பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வெள்ளிதோறும் ஜும்ஆவிற்குப் பின் ஒரு மணி நேரம், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் வழக்கறிஞர் ஒருவரும் பள்ளிவாசலில் அமர்ந்து, பயணம் செல்வோரின் ஒப்பந்தத்தைப் படித்து விளக்கினால் பல தாய்மாரின் நகைகள் அடகுக்கடையில் மூழ்காமல் மீளும். அதற்குத் துணைநிற்க எம் தமிழ்த்துறை அணியமாக உள்ளது. இறைவன் அருள்புரிவானாக!