பழைய சோற்றில் பி12 தேடாதீர்கள்

எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களைச் சுற்றி ஒரு பேச்சு ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. "மாத்திரையெல்லாம் ஒரு வருஷம்தான். எடை இறங்கினதும் நிறுத்திடலாம். பழைய சோறு, ராகிக் கஞ்சி, முருங்கைக்கீரை இருக்கும்போது சத்து மாத்திரை எதுக்கு? எல்லாம் மருந்துக் கம்பெனி வியாபாரம்." உணவு ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் இதை நான் கேட்காத வாரம் இல்லை. சொல்பவர் பெரும்பாலும் நோயாளியாகக்கூட இருப்பதில்லை. கூட வந்த மாமியாரோ சித்தப்பாவோ சொல்வார். "எங்க தெருவில ஒருத்தர் நிறுத்தி ஒண்ணரை வருஷமாச்சு, நல்லாத்தானே இருக்கார்" என்று ஆதாரமும் காட்டுவார்.

அந்த ஆதாரத்தையே முதலில் பார்த்துவிடுவோம். தெருக்காரர் நன்றாக இருப்பதற்குக் காரணம் பழைய சோறு அல்ல, அவருடைய கல்லீரல். பி12 நமக்கு ஒரு நாளைக்கு 2 மைக்ரோகிராம் சொச்சம்தான் வேண்டும். கல்லீரலோ அதைப் போல ஆயிரம் மடங்கு சேர்த்து வைத்திருக்கும். வரத்து அடியோடு நின்றாலும் இரண்டு மூன்று வருடம், சிலருக்கு அதற்கு மேலும், அந்தக் கையிருப்பு தாங்கும். பிறந்ததிலிருந்து சைவம் என்றால் கையிருப்பே குறைவு, அவ்வளவு காலம் தாங்காது. அது தீரும் நேரத்தில் யாரும் மாத்திரையை நினைப்பதில்லை. பாதம் மரத்துப்போகிறது, நடக்கும்போது செருப்பு கழன்று பின்னால் கிடப்பது தெரியவில்லை, இருட்டில் பாத்ரூம் போனால் தள்ளாடுகிறது, நேற்றுப் பேசியது மறந்துபோகிறது. "வயசாகுது", "சர்க்கரை பண்ற வேலை" என்று சொல்லி இன்னும் ஆறு மாதம் கடத்துவார்கள். நரம்புச் சேதம் நாட்பட்டுவிட்டால், பிறகு எத்தனை ஊசி போட்டாலும் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பாது. ஒன்றரை வருடம் நிறுத்திப் பார்த்தேன் என்பது சோதனையே அல்ல.

சரி, நல்ல சாப்பாடு சாப்பிட்டால் போதாதா? போதாது. உணவில் உள்ள பி12, மீன், முட்டை, இறைச்சி, பால் ஆகியவற்றின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிரித்தெடுக்க இரைப்பையின் அமிலம் வேண்டும். பிரிந்ததைச் சிறுகுடலின் கடைசிப் பகுதி உறிஞ்சிக்கொள்ள, இரைப்பைச் சுவர் சுரக்கிற இன்ட்ரின்சிக் ஃபேக்டர் என்ற துணைப் புரதம் வேண்டும். எடை குறைப்பு சிகிச்சையில் ஸ்லீவ் என்கிற வகையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். இரைப்பை பைபாஸ் என்கிற வகையில் ஏறக்குறைய 30 மில்லி பிடிக்கிற சின்னப் பை ஒன்றுதான் சாப்பாட்டின் வழியில் இருக்கும். மீதி இரைப்பையையும் சிறுகுடலின் தொடக்கத்தையும் உணவு தொடுவதே இல்லை. அமிலமும் குறைந்து, துணைப் புரதமும் குறைந்த வயிற்றில் நீங்கள் ஈரலையே சமைத்துப் போட்டாலும் அதிலுள்ள பி12 முழுதாகச் சேராது.

இங்கேதான் அடுத்த கேள்வி வரும். "தேவை 2 மைக்ரோகிராம்தானே, மாத்திரையில 500, 1000னு போட்டிருக்கே, இது வியாபாரம் இல்லாம என்ன?" துணைப் புரதத்தின் உதவி இல்லாமல், விழுங்கியதில் நூற்றில் ஒரு பங்கு மட்டும் குடல் சுவர் வழியே தானாக ஊறி உள்ளே போகும். 500இல் நூற்றில் ஒரு பங்கு 5. கணக்கு அவ்வளவுதான். அமெரிக்க பேரியாட்ரிக் (எடை குறைப்பு) அறுவை சிகிச்சைச் சங்கத்தின் வழிகாட்டுதலும் தினமும் 350 முதல் 1000 மைக்ரோகிராம் வரை விழுங்கச் சொல்கிறது, அல்லது மாதம் ஒருமுறை 1000 மைக்ரோகிராம் ஊசி. ஆயுள் முழுக்க.

இப்போது பழைய சோறு. அரிசியில் பி12 கிடையாது. இரவு முழுக்க ஊறும்போது நல்ல பாக்டீரியாக்கள் பெருகுகின்றன, புளிக்கிறது, குடலுக்கு இதமாக இருக்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் குடல் நோயாளிகளுக்குப் பழைய சோறு கொடுத்து ஆராய்ச்சி செய்ததும் உண்மை. அதெல்லாம் குடலைப் பற்றிய செய்தி. அதில் நம்பி இருக்கக்கூடிய அளவுக்கு பி12 இருக்கிறது என்பது செல்போனில் ஒருவர் அனுப்பி இன்னொருவர் அனுப்பியே உண்மைபோல் ஆகிவிட்ட சங்கதி.

ராகியும் முருங்கையும் நல்ல உணவுகள், மறுப்பே இல்லை. ஆனால் அளவைப் பாருங்கள். 100 கிராம் ராகியில் கால்சியம் 350 மில்லிகிராம் வாக்கில் இருக்கிறது. ஒரு டம்ளர் கஞ்சிக்கு நீங்கள் கரைப்பது இரண்டு ஸ்பூன் மாவு, 20 கிராம். அதில் 70 மில்லிகிராம். ஆபரேஷன் ஆனவருக்கு வேண்டியது நாளுக்கு 1200 முதல் 1500. முருங்கைக்கீரை 100 கிராமில் இரும்பு 5 மில்லிகிராம்கூடத் தேறாது. அதிலும் உடம்பு எடுத்துக்கொள்வது சொற்பம். மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு, சிகிச்சைக்குப் பிறகு 45 முதல் 60 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்கிறார்கள். ஒரு கிலோ கீரையை அரை கப் பிடிக்கிற வயிற்றில் எங்கே வைப்பீர்கள்?

மாத்திரை போடுகிறவர்களிலும் பாதிப்பேர் போடும் விதம் சரியில்லை. இரும்பையும் கால்சியத்தையும் ஒரே வாயில் போட்டால் கால்சியம் இரும்பைத் தடுத்துவிடும். இரண்டுக்கும் நடுவே 2 மணி நேரம் விடுங்கள். டீயோடு இரும்பு மாத்திரை விழுங்குவது வீண். கால்சியத்தில் சிட்ரேட் வகையைக் கேட்டு வாங்குங்கள். கார்பனேட் வகை கரைய அமிலம் வேண்டும், அது உங்களிடம் குறைவு. இன்னொன்று: ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு "ரத்தம் ஏறிடுச்சு" என்று நிம்மதி அடையாதீர்கள். பி12 குறைவால் வருகிற ரத்தச்சோகையை ஃபோலிக் அமிலம் சரிசெய்துவிடும், நரம்பை மட்டும் காப்பாற்றாது. ஹீமோகுளோபின் நன்றாக இருக்கும், கால் மரத்துக்கொண்டே போகும். அதனால்தான் வருடத்துக்கு ஒருமுறையாவது பி12, இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், வைட்டமின் டி ஆகியவற்றைத் தனித்தனியாகப் பார்க்கச் சொல்கிறோம்.

பி12 வருடக்கணக்கில் காத்திருக்கும். தயமின் என்கிற பி1 காத்திருக்காது. அதன் கையிருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான். ஆபரேஷன் முடிந்த முதல் மாதங்களில் ஒருவருக்கு வாந்தி நிற்காமல் இருந்தால் நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? தெருமுனை கிளினிக்கில் படுக்க வைத்து இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுகிறோம். தயமின் வற்றிய உடம்பில் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கிற தயமினும் அதைச் செரிக்கவே செலவாகி, மூளை பாதிக்கப்படும். பார்வை இரண்டாகத் தெரியும், கருவிழி நிலைகொள்ளாமல் ஆடும், நடை தடுமாறும், பேச்சு குழம்பும். சில நாட்களில் நடந்துவிடுகிற நிரந்தர இழப்பு இது. வாந்தி இரண்டு மூன்று நாளைத் தாண்டினால் ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கே போங்கள். வேறு எங்கே போனாலும் "எனக்கு வயிற்று ஆபரேஷன் ஆகியிருக்கு, முதல்ல தயமின் ஊசி போடுங்க" என்று நோயாளியே வாய்திறந்து சொல்ல வேண்டும்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை.

"கஞ்சியும் ஜூஸும்தான் பாதுகாப்பு." முதல் சில வாரங்களுக்குச் சரி. ஆறாவது மாதத்திலும் கஞ்சியே குடிப்பவர் கொழுப்போடு தன் தசையையும் சேர்த்து இழக்கிறார். நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். நான் சொன்ன ராகிக் கஞ்சியில் ஒன்றரை கிராம்கூட இல்லை. ஒரு முட்டையில் 6, 100 கிராம் மீனில் 20, 50 கிராம் பொட்டுக்கடலையில் 10. தட்டில் எது முதலில் என்பதுதான் இனி கேள்வி: முட்டை, மீன், பருப்பு, பனீர் முதலில், பிறகு காய், இடம் மிச்சமிருந்தால் சோறு. பைபாஸ் ஆனவர் தெம்புக்கென்று சர்க்கரை போட்ட ஜூஸ் குடித்தால் அரை மணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு என்று படுத்துவிடுவார்.

"முடி கொட்டுது, ஆபரேஷன் ஒத்துக்கலை." எடை வேகமாக இறங்கும்போது மூன்றாவது மாதத்திலிருந்து முடி கொட்டும், பெரும்பாலோருக்குத் திரும்ப வளரும். எண்ணெயை மாற்றாதீர்கள், புரதத்தையும் இரும்பையும் பாருங்கள்.

"சர்க்கரை நோய் ஒழிஞ்சது." ஸ்வீடனில் 1987இல் தொடங்கிய நீண்ட ஆய்வில், சர்க்கரை நோயோடு சிகிச்சைக்கு வந்தவர்களில் 100க்கு 72 பேருக்கு 2 வருடத்தில் அது விலகியிருந்தது. 15 வருடம் கழித்துப் பார்த்தபோது 30 பேர். விலகியிருக்கும் வருடங்கள் ஒவ்வொன்றும் லாபம்தான். ஆனால் பரிசோதனையை நிறுத்த அது அனுமதி அல்ல.

"இனி குழந்தை பிறக்காது." நேர்மாறு. எடை குறைந்ததும் நின்றுபோன மாதவிடாய் திரும்பி, எதிர்பாராமல் கரு தங்கிவிடுகிறது. ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் வரை தள்ளிப்போடுங்கள்.

மூட்டு வலிக்கு மெடிக்கலில் நீங்களாகவே வலி மாத்திரை வாங்கிப் போடுவதை, குறிப்பாக பைபாஸ் ஆனவர்கள், அறவே விடுங்கள். டைக்லோஃபெனாக், இபுப்ரோஃபென் இரண்டும் குடலைத் தைத்த இடத்தில் புண்ணை உண்டாக்கும்.

"வெளியில சாப்பிடவே முடியாது, விசேஷத்துக்கே போக முடியாது" என்பதை மட்டும் நான் நம்பிக்கைக் கணக்கில் சேர்க்க மாட்டேன். அது நம் ஊர் ஹோட்டல்களும் பந்திகளும் ஏற்படுத்தி வைத்திருக்கிற நிலை. பிரியாணிக் கடையில் ஹாஃப் இருக்கிறது, குவார்ட்டர் இருக்கிறது. இட்லி ஏன் இரண்டாகத்தான் வர வேண்டும்? ஒரு இட்லி, ஒரு ஆம்லெட், ஒரு கிண்ணம் சுண்டல் என்று விலைப்பட்டியலில் எழுதி வைக்க எந்த ஹோட்டல்காரருக்கு என்ன நஷ்டம்? சிகிச்சை முடிந்தவர்களுக்கு மட்டுமா, வயதானவர்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் அரை அளவு வேண்டும். அமெரிக்காவில் சில மருத்துவமனைகள், "இவருக்குச் சிறிய அளவில் பரிமாறவும்" என்று ஹோட்டலில் காட்ட ஒரு அட்டையே கொடுத்து அனுப்புகின்றன. இங்கே முழுச் சாப்பாட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு, மிச்சம் வைத்ததற்குச் சர்வரிடம் விளக்கமும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹோட்டல் உரிமையாளர்கள் இதை மாற்ற வேண்டும், நாம் கேட்கக் கேட்கத்தான் மாற்றுவார்கள்.

கல்யாணப் பந்தியில் கூச்சப்படாதீர்கள். உட்காரும்போதே பரிமாறுகிறவரிடம், "அண்ணே, எனக்கு ஆபரேஷன் ஆகியிருக்கு, பருப்பும் கூட்டும் ஒரு கரண்டி, சோறு ஒரு கை போதும்" என்று சொல்லிவிடுங்கள். பக்கத்து இலையிலிருக்கும் அத்தை "ஒரு ஜாங்கிரியாவது எடுத்துக்கோம்மா" என்பார், அதற்கும் சிரித்துக்கொண்டே வேண்டாம் சொல்லுங்கள். நன்றாக மென்று, இருபது நிமிடம் எடுத்துச் சாப்பிடுங்கள். ரசத்தைச் சோற்றில் ஊற்ற வேண்டாம். பந்தி முடிந்து அரை மணி கழித்து ஒரு டம்ளரில் வாங்கிக் குடிக்கலாம்.