கொம்பை மட்டும் பார்த்தால் போதாது

தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டைக் கையில் கொடுத்தால் மாணவர்கள் முதலில் கொம்பைத்தான் பார்க்கிறார்கள். நீளக் கொம்பு ஆண், குட்டைக் கொம்பு பெண் என்று உடனே முடிவும் சொல்லிவிடுகிறார்கள். எட்டாம் வகுப்பில் பூச்சிகளை இனங்காணும் பயிற்சியை நான் இங்கிருந்தே தொடங்குகிறேன்.

பக்கத்துத் தோப்பின் பொறியில் விழுந்து இறந்த ஏழு வண்டுகளைக் கொம்பின் நீளப்படி வரிசையாக அடுக்கினோம். இரு கோடியிலும் சிக்கல் இல்லை. நடுவில் இருந்த மூன்றுக்குத்தான் வாக்குவாதம். புழுப்பருவத்தில் தீனி குறைந்த ஆண், உடலும் சிறுத்து, கொம்பும் குட்டையாகவே வெளிவரும். எனவே வண்டுகளைத் திருப்பிப் போடச் சொன்னேன். வயிற்றின் கடைசி நுனியில் செம்பழுப்பு ரோமம் தூரிகைபோல் அடர்ந்திருந்தால் அது பெண். ஆணுக்கு அந்த இடம் ஏறக்குறைய வழுவழுப்பாக இருக்கும். லென்ஸ்கூடத் தேவைப்படவில்லை.

பேரினத்தை அறியவும் கொம்பு பாதி வழிதான் காட்டும். தென்னை வண்டு ஓரிக்டஸ் பேரினம். 1758-இல் லின்னேயஸ் பெயரிட்ட சிற்றினம். தலையில் ஒற்றைக் கொம்பு, அதன் பின்னே முன்மார்பில் ஒரு பள்ளம், பள்ளத்தின் பின்விளிம்பில் இரண்டு சிறு முண்டுகள். இதன் உறவினமான சைலோட்ரூபஸ் ஆணுக்குத் தலையில் ஒன்றும் மார்பில் ஒன்றுமாக, நுனி பிளந்த இரு கொம்புகள். அதன் பெண்ணுக்கோ கொம்பே கிடையாது! கொம்பை மட்டும் நம்பும் மாணவர் அதைக் காண்டாமிருக வண்டுக் கூட்டத்திலேயே சேர்க்கமாட்டார்.

எருக்குழியில்தான் இந்தப் பாடம் உண்மையில் தேவைப்படுகிறது. வெள்ளைப் புழு கண்ணில் பட்டாலே நசுக்கிவிடுவது ஊர் வழக்கம். புழுவைச் செய்தித்தாள் மேல் விட்டுப் பாருங்கள். மல்லாந்து, கால்கள் மேலே இருக்க முதுகால் ஊர்ந்து போனால் அது பூவண்டின் புழு. மக்கும் குப்பையைத் தின்று எருவாக்குவது. தென்னை வண்டின் புழு பக்கவாட்டில் சுருண்டு கிடக்கும், பெருவிரல் தடிமனுக்கு வளரும். சுருண்டு கிடப்பதெல்லாம் அதுவே என்றும் சொல்லக்கூடாது. வேர்ப்புழுக்களும் அப்படியே கிடக்கும். அளவையும் கிடைத்த இடத்தையும் சேர்த்தே மாணவர் குறிப்பேட்டில் எழுதட்டும்.

எருவைக் கிளறியபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வையுங்கள். உயிருள்ள வண்டானால் கால் முட்கள் நன்றாகவே கீறும். கண்ணாடிப் புட்டியில் வைத்துக் காட்டுவது நல்லது.