ரவையும் அதன் எண்ணும்

பெங்களூரிலிருந்து ஊருக்குப் புறப்படும் நம்மவர், அத்திபெலேயைக் கடந்ததும் தமிழகம் வந்துவிட்டதென்று மகிழ்வர். அவ்வெல்லைக்குத் தெற்கே தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்துக் காடுகளில் யானையும் காட்டுப்பன்றியும் உண்டு; உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகளும் உண்டு. அவை பிடிபட்ட செய்திகளில் தோட்டா, ரவை, பால்ரஸ் என்னும் சொற்கள் கலந்தே வருகின்றன. இவற்றின் வேறுபாடு யாது?

தோட்டா என்பது உறை; மருந்தும் ரவைகளும் அதனுள் அடங்கும். ரவையின் பருமனை எண்ணால் குறிப்பர். இங்கேதான் புதியவர் ஏமாறுவர். எண் ஏற ஏற ரவை சிறுக்கும்! ஆங்கிலேயர் முறையில் 4-ஆம் எண் ரவையின் விட்டம் 3.1 மில்லிமீட்டர், 6-ஆம் எண் 2.6, 9-ஆம் எண் 2 மட்டுமே. மிகப் பெரியவற்றுக்கு எழுத்தே பெயர்: 'எஸ்.ஜி.' 8.4, 'எல்.ஜி.' 9.1. அமெரிக்கர் கணக்கு வேறு. அவர்களுடைய 6-ஆம் எண் 2.8 மில்லிமீட்டர். எனவே எந்நாட்டு எண் என்று கேளாமல் அளவை முடிவு செய்தல் பிழை.

ஓர் அவுன்ஸ் ஈயத்தில் 6-ஆம் எண் ரவை 270 இருக்கும், எஸ்.ஜி. எட்டே எட்டு. விட்டம் மூன்று மடங்கைச் சற்றே மிஞ்ச, எடையோ 34 மடங்காகிறது. எடை விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது. காற்றின் தடையோ இருமடியைப் பொறுத்தது. ஆகவே சிறு ரவை விரைவில் வேகம் இழக்கும். பெரியது நெடுந்தூரம் சென்று ஆழப் பாயும். சிறியது பலவாய்ப் பரவும், பெரியது சிலவே.

அப்படியானால் சிறு ரவை தீங்கற்றதோ? அன்று. 2016-இல் காஷ்மீரில் 32 நாட்களில் ஏறத்தாழ 13 லட்சம் ரவைகள் சுடப்பட்டதாக மத்திய ரிசர்வ் காவற்படையே உயர்நீதிமன்றத்தில் தெரிவித்தது. நூற்றுக்கணக்கானோர் கண்ணில் காயமுற்றனர். தோலில் தங்கிவிடும் ரவைக்கு விழி எம்மாத்திரம்? பரவும் ரவைகளில் ஒவ்வொன்றையும் குறிபார்த்துச் செலுத்தவும் இயலாது.

நாட்டுத் துப்பாக்கிக்கோ எண்ணே கிடையாது. குழலில் நுழைவதெல்லாம் ரவைதான். சைக்கிள் சக்கரத்தின் பால்ரஸ் குண்டும் அதில் ஏறும். அது ஈயமன்று, எஃகு. அடிபட்டவர் உடலில் அது தங்கியிருப்பின், எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தம் அதை இழுத்து நகர்த்தக்கூடும், ஈயத்தை இழுக்காது. எக்ஸ்ரே படத்திலோ இரண்டும் ஒரே வெள்ளைப் புள்ளி. ஆகவே சுட்டது எவ்வகைத் துப்பாக்கி என்று மருத்துவர் கேட்டால், அது வெறும் விசாரணைக் கேள்வி அன்று.