பாதி மாத்திரை

தாத்தாவுக்கு இரத்த அழுத்த நோய். மருத்துவர் அவரைச் சோதித்தார். "இனி 20 மில்லிகிராம் மாத்திரை வேண்டாம். 10 மில்லிகிராம் போதும்" என்று புதிய சீட்டு எழுதினார்.

வீட்டில் பழைய மாத்திரை இரண்டு அட்டை மிச்சம் இருந்தது. காசு கொடுத்து வாங்கியது. வீணாக்கலாமா? 20-இல் பாதி 10 தானே!

தாத்தா அரிவாள்மனையை எடுத்தார். மாத்திரையை இரண்டாக வெட்டினார். பாதியை விழுங்கினார்.

கொஞ்ச நேரத்தில் தலை சுற்றியது. சுவரைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்தார். பேத்தி பதறினாள். தாத்தாவைப் படுக்க வைத்தாள். செவிலியரை அழைத்து வந்தாள். இரத்த அழுத்தம் மிகவும் இறங்கி இருந்தது. உடனே ஆட்டோவில் மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். மாலையில்தான் தாத்தா தெளிந்தார்.

"என் கணக்கு சரிதானே அம்மா?" என்று செவிலியரிடம் கேட்டார்.

"கணக்கு சரி தாத்தா. மாத்திரைதான் வேறு. அட்டையில் 'நிஃபெடிபின் ரிடார்ட்' என்று போட்டிருக்கிறது. இது மெதுவாகக் கரையும் மாத்திரை. பானையில் சிறு ஓட்டை இருந்தால் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழும். பானையையே உடைத்தால்?"

"எல்லாம் ஒரேயடியாகக் கொட்டிவிடும்" என்றாள் பேத்தி.

"அதேதான். வெட்டியதால் மருந்து முழுவதும் ஒரேயடியாக இறங்கிவிட்டது."

"இரண்டு அட்டையை மிச்சம் பிடிக்கப் பார்த்தேன். உயிருக்கே வந்துவிட்டதே!" என்றார் தாத்தா.

தெரிந்துகொள்வோம்

1. நடுவில் கோடு உள்ள சில மாத்திரைகளைப் பாதியாக்கலாம். மருத்துவரோ மருந்தாளுநரோ சொன்னால் மட்டும் செய்யுங்கள்.

2. மருந்தின் பெயரோடு எஸ்.ஆர்., இ.ஆர்., எக்ஸ்.எல்., ரிடார்ட் என்று ஏதாவது இருந்தால், அது மெதுவாகக் கரையும் மாத்திரை. கேட்காமல் உடைக்காதீர்கள். பொடிக்காதீர்கள். மெல்லாதீர்கள்.

3. சில மாத்திரைகள் குடலில் கரைய வேண்டும். அதற்காக மேலே பூச்சு பூசியிருப்பார்கள். உடைத்தால் வயிற்றுப் புளிப்பு மருந்தைக் கெடுத்துவிடும். அல்லது மருந்து வயிற்றைப் புண்ணாக்கும்.

4. கேப்சூலைப் பாதியாக்க முடியாது.

5. உடம்பு நன்றாக இருக்கிறது என்று நீங்களாக அளவைக் குறைக்காதீர்கள். மருந்து வாங்கக் காசு இல்லையா? அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். விலை குறைந்த மருந்து இருக்கலாம். அரசு மருத்துவமனையில் இலவசமாகவும் கிடைக்கலாம்.

கேள்விகள்

1. தாத்தா மாத்திரையை ஏன் வெட்டினார்?

2. அவருக்கு ஏன் தலை சுற்றியது?

3. உங்கள் வீட்டில் உள்ள மருந்து அட்டையை எடுங்கள். எத்தனை மில்லிகிராம்? மருத்துவர் சீட்டில் உள்ள எண்ணும் அதுதானா? பாருங்கள்.