மந்திரவாதி கூப்பிட்டால் மாவீரன் வருவான்: கூடிக் கதை எழுத அக்காவின் டிப்ஸ்

சாதாரண தரப் பரீட்சை முடிந்து ரிசல்ட் வரும்வரை உள்ள லீவு பெரிது. ரியூசனும் இல்லை, கொப்பியும் இல்லை. அந்த நேரத்தில்தான் நம் வீட்டுப் பிள்ளைகள் வட்ஸ்அப் குழு ஒன்றைத் திறந்து, "மந்திரவாதிங்க பழைய காலத்து வீரர்களை வரவழைச்சு சண்டை போடுறாங்க. ஆளுக்கொரு பாத்திரம், எல்லாரும் சேர்ந்து எழுதுவோம்" என்று தொடங்குகிறார்கள். முதல் இரண்டு நாள் மெசேஜ் கொட்டும். நாலாம் நாள் "நான் உன்னைக் கொன்னுட்டேன்", "இல்ல, எனக்குக் கவசம் இருக்கு", "அந்தக் கவசத்தை உடைக்கிற வாள் என்கிட்ட இருக்கு" என்று வந்து நிற்கும். அடுத்த வாரம் குழுவில் சத்தமே இருக்காது.

இப்படி நின்றுபோகிற கதைகளில் கற்பனைக்குக் குறைவிருக்காது. பேசி வைத்துக்கொள்ளாமல் இறங்கியிருப்பார்கள், அவ்வளவுதான். அலவத்துகொடையில் இருந்துகொண்டு இப்படியொரு ரோல்பிளே போடத் திட்டமிடுகிற தங்கச்சிமாருக்கும் தம்பிமாருக்கும் நான் சொல்லப்போவது ஒன்றுதான்: சக்தியை யோசிப்பதற்கு முன் வரம்பை யோசியுங்கள். கீழே உள்ள டிப்ஸ் எல்லாம் அதற்குள்தான் அடங்கும்.

1. முதல் நாள் கதை எழுதாதீர்கள்

இந்த மாதிரிக் கதையை ஜப்பான் சரக்கு என்று பலர் நினைக்கிறார்கள். 2004இல் வந்த 'ஃபேட் ஸ்டே நைட்' விளையாட்டில் ஏழு மந்திரவாதிகள் ஏழு வீரர்களை வரவழைத்து மோதுவார்கள். அந்த வரிசையில் வந்த 'ஃபேட் கிராண்ட் ஆர்டர்' விளையாட்டில் நம் கர்ணனும் அர்ச்சுனனும்கூட இருக்கிறார்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை நடத்துவதற்கு 1974இல் அமெரிக்காவில் வந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' பெரிய முன்மாதிரி.

ஆனால் மாசி மாதத்தில் மலையகத் தோட்டங்களில், சிவன் மன்மதனை எரிக்கிற காமன் கூத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் என்ன புதுசு? ஒருத்தர் மன்மதன், ஒருத்தர் ரதி, இன்னொருத்தர் வீரபத்திரன், இன்னொருத்தர் எமன். வேஷம் கட்டுகிறவர்கள் காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள். யார் எப்போது வர வேண்டும் என்பது கூத்து மாஸ்டர் கையில். மட்டக்களப்பில் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் ஆளாளுக்கு உரிய பாட்டைப் பிரித்துக் கொடுப்பதற்கென்றே நாள் குறித்து, அதைச் 'சட்டங் கொடுத்தல்' என்று ஒரு சடங்காகவே வைத்திருக்கிறார்கள். பழக்கம், சதங்கை அணிதல், அரங்கேற்றம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். முதல் நாள் முழுக்கப் பேச்சு. யார் என்ன பாத்திரம், எந்தக் காலம், எந்த ஊர், எது கூடாது, எப்போது முடியும். இந்த ஐந்துக்கும் பதில் எழுதி ஒரு மெசேஜாகப் போட்டு, குழுவின் மேலே பின் பண்ணி வையுங்கள்.

2. ஆட்கள் குறைவாக இருக்கட்டும்

நான்கு முதல் ஆறு பேர் போதும். அதற்கு மேல் போனால் ஒருவருக்குத் திரும்ப முறை வருவதற்குள் கதை எங்கேயோ போயிருக்கும். பாத்திரம் எழுதுகிறவர்களைத் தவிர இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று மாஸ்டர் வேலை: ஊரையும் மழையையும் எதிரிகளையும் அவர்தான் எழுதுவார், சண்டை வந்தால் தீர்ப்பும் அவரே சொல்வார். இன்னொன்று கொப்பி பிடிக்கிற வேலை: யாருக்குக் காயம், யாருடைய மந்திரம் தீர்ந்தது, எந்த ரகசியம் யாருக்குத் தெரியும் என்பதை ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதி வைப்பார். அமைதியான பிள்ளைகள் இதை அருமையாகச் செய்வார்கள்.

3. கூப்பிடுவதற்கு விலை வையுங்கள்

துர்வாசர் கொடுத்த மந்திரத்தைக் குந்தி சும்மா சோதித்துப் பார்த்தாள். சூரியன் வந்து நின்றான். வந்தவன் வெறுங்கையோடு திரும்பவில்லை. பிறந்த பிள்ளையை ஆற்றில் விட வேண்டி வந்தது, பாரதம் முடியும்வரை அந்தக் கணக்குத் தீரவில்லை. வரவழைக்கிற கதைக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

உங்கள் மந்திரவாதிக்கு என்ன செலவு? ஒரு ஞாபகம் அழியலாம். ஒவ்வொரு கட்டளைக்கும் தலையில் ஒரு பிடி நரைக்கலாம். கட்டளைகள் மூன்றே மூன்று என்று வைக்கலாம். 'ஃபேட்' கதையில் அப்படித்தான். எதை வைத்தாலும் அது எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும். விலை இல்லாத மந்திரத்தை எழுதுகிறவர் ஒருவர் இருந்தால் போதும், மற்ற எல்லாருக்கும் எழுதுகிற ஆசை போய்விடும்.

4. வீரனின் அட்டையில் பலவீனத்துக்கு அதிக இடம்

கர்ணனைப் பாருங்கள். கவச குண்டலம் என்ற பெரிய சக்தி. அதை இந்திரனுக்குத் தானமாகக் கொடுத்து வாங்கிய வேல், ஒரே ஒரு தடவைதான் எறியலாம். அர்ச்சுனனுக்கு என்று வைத்திருந்ததைக் கடோத்கசன் மேல் எறிய வேண்டி வந்தது. வேண்டிய நேரத்தில் மந்திரம் மறந்துபோகும் என்று பரசுராமரின் சாபம் வேறு. ஒரு சக்தி, ஒரு தடை, ஒரே தடவைக்கான ஆயுதம், ஒரு பலவீனம்: நல்ல பாத்திர அட்டைக்கு இந்த நான்கும் வேண்டும்.

நம் பாதையில் நடந்தவர்களில் இருந்தே ஒரு வீரரை உருவாக்கிக் காட்டுகிறேன். கோப்பித் தோட்டக் காலத்தில் வேலைக்கு வந்து மன்னார்க் கரையில் இறங்கிய நம் ஆட்கள், காட்டுவழியாகத் தம்புள்ளையைத் தாண்டி மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். அந்தக் கூட்டத்தில் வந்த ஒருத்தியைக் கற்பனை செய்வோம்.

பெயர்: மாரியாயி.
சக்தி: எந்த இருட்டிலும் வழி தெரியும், பின்னால் வருகிற பத்துப் பேரைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பாள்.
தடை: நடந்துகொண்டிருக்கும்போது மட்டுமே சக்தி, நின்றால் சாதாரணப் பெண்.
ஒரே தடவை: வழியில் செத்தவர்களை ஓர் இரவுக்கு எழுப்பலாம்.
பலவீனம்: "தண்ணி" என்று யார் கேட்டாலும் திரும்பிப் பார்த்துவிடுவாள், எதிரி கேட்டாலும்.
ஆசை: விட்டுவந்த பிள்ளையின் பெயரை யாராவது சொல்லக் கேட்க வேண்டும்.

இந்த ஆறு வரிக்குள் எத்தனை அத்தியாயம் இருக்கிறது என்று நீங்களே பாருங்கள். "எல்லா மந்திரமும் தெரியும், யாராலும் வெல்ல முடியாது" என்று எழுதியிருந்தால் அடுத்த வரிக்கே வழியில்லை.

5. உங்கள் வீரனை இன்னொருவர் எழுதட்டும்

இதுதான் எனக்குப் பிடித்த விதி. நீங்கள் ஒரு மந்திரவாதியை எழுதுங்கள். நீங்கள் வரவழைத்த வீரனைப் பக்கத்து வீட்டுத் தங்கச்சி எழுதட்டும். அவளுடைய மந்திரவாதியின் வீரனை வேறொருவர் எழுதட்டும். அப்போதுதான் "முன்னுக்குப் போ" என்று மந்திரவாதி சொல்ல, "என் மண்ணில் இதைச் செய்ய மாட்டேன்" என்று வீரன் மறுக்கிற இடம் தானாக வரும். இரண்டையும் ஒரே ஆள் எழுதினால் வீரன் தலையாட்டிக்கொண்டே இருப்பான்.

6. யாரை வரவழைக்கலாம், யாரை வேண்டாம்

கண்டிப் பக்கத்துச் சரித்திரத்தில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. 1594இல் போர்த்துக்கேயர் கண்டி அரசியாக்கக் கூட்டிவந்த குசுமாசன தேவி என்ற டோனா கத்தரீனா. 1660இல் பிடிபட்டு 1679இல் தப்பி ஓடும்வரை கண்டி இராச்சியத்துக்குள் கைதியாக இருந்து, பிறகு அதைப் புத்தகமாக எழுதிய ரொபர்ட் நொக்ஸ். கண்ணுசாமியாகப் பிறந்து ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனாக ஆட்சி செய்து, 1815இல் பிடிபட்டு, 1832இல் வேலூரில் உயிர்விட்ட கடைசி மன்னன். 1848 கலவரத்தில் பிடிபட்டுச் சுட்டுக் கொல்லப்பட்ட புரன் அப்பு. வாள் வீசத் தெரியாத நொக்ஸ் வந்தாலும் பரவாயில்லை. யாருக்கும் தெரியாமல் தப்புகிற வழி அவருக்குத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. யாராவது கும்பிடுகிற தெய்வத்தை வரவழைத்து அடிவாங்க விடாதீர்கள். மதுரை வீரன் கதையில் வீரன் என்றாலும், அவரும் முனியாண்டியும் தோட்டத்துக் கோயில்களில் விளக்கேற்றிக் கும்பிடுகிற சாமிகள். தலதா மாளிகை, பள்ளிவாசல், கோயில், தேவாலயம் எதுவும் போர்க்களமாக வேண்டாம். நம் ஊரில் தமிழர், முஸ்லிம், சிங்களவர் எல்லாரும் ஒரே பஸ்ஸில் போகிறோம். குழுவிலும் எல்லாரும் இருப்பார்கள். ஒருவரின் வீரன் இன்னொருவருக்கு எதிரியாகத் தெரிந்தால், முதல் நாளே பேசி வேறு ஆளைத் தேடுங்கள்.

7. களத்தைத் தெரிந்த ஊரிலேயே போடுங்கள்

பனி மூடிய வெளிநாட்டுக் கோட்டையை எழுத இணையத்தில் தேட வேண்டும். ஏ9 வீதியில் அக்குறணைக்கும் மாத்தளைக்கும் இடையில் இருக்கிற நம் அலவத்துகொடையை எழுதத் தேட வேண்டியதில்லை. கட்டுகஸ்தோட்டையில் மகாவலிப் பாலம் இருக்கிறது. நக்கிள்ஸ் மலையில் மூடுபனி இருக்கிறது. பெருமழைக்குப் பிங்கா ஓயா பொங்கினால் அக்குறணைக் கடைகளுக்குள் தண்ணீர் ஏறுவது நமக்குத் தெரிந்ததுதான். அதே வெள்ளத்தை ஒரு மந்திரவாதி கூப்பிட்டு, பிறகு நிறுத்தத் தெரியாமல் நின்றால் எப்படி இருக்கும்?

8. முறை, நீளம், பகடை

ஒரு முறைக்கு ஐந்து முதல் பத்து வரி. இரண்டு நாளுக்குள் எழுதாவிட்டால் மாஸ்டர் அவரைத் தாண்டிப் போகலாம். பரீட்சை, கல்யாண வீடு, திருவிழா என்று ஒருவர் விலகினால் அவருடைய பாத்திரத்தைக் கொல்ல வேண்டாம். மந்திர உறக்கத்தில் போடுங்கள். வொய்ஸ் மெசேஜ் வேண்டாம். கொப்பி பிடிக்கிறவர் பாவம், பின்னால் வாசிக்கவும் முடியாது. கதைக்கு ஒரு குழு, அரட்டைக்கு வேறொரு குழு.

அடுத்தவர் பாத்திரத்தை நீங்கள் அசைக்கக் கூடாது. "என் வாள் பட்டு உன் வீரனின் தலை உருண்டது" என்பது தவறு. "பாலத்துச் சுவர்மேல் ஏறி, உன் வீரனின் வலது தோளைக் குறிவைத்து வாளை வீசுகிறான். மழையில் அவனுக்கே கால் வழுக்குகிறது" என்பது சரி. முடிவை எதிராளிக்கு விடுகிறீர்கள். பிடித்துக்கொள்ள அவருக்கு ஒரு நுனியும் கொடுக்கிறீர்கள்.

தீராத சண்டைக்கு லூடோ பகடை போதும். 1, 2 விழுந்தால் தோல்வி. 3, 4 என்றால் நினைத்தது நடக்கும், ஆனால் ஏதாவது ஒன்றை இழக்க வேண்டும். 5, 6 என்றால் முழு வெற்றி. பகடையை மாஸ்டர் உருட்டிப் படம் எடுத்துப் போடட்டும். நடுவில் வருகிற 3, 4தான் கதையை வளர்க்கும்.

9. பாதுகாப்பு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்

வட்ஸ்அப் குழுவில் இருக்கிற எல்லாருக்கும் உங்கள் நம்பர் தெரியும். ஆகவே நேரில் தெரிந்தவர்களை மட்டும் சேருங்கள். "நண்பனின் நண்பன், நல்லா எழுதுவான்" என்று வருகிறவருக்குக் கதவு திறக்க வேண்டாம். காதல் காட்சி, சித்திரவதை, சொந்த வாழ்க்கையில் நடந்த துக்கம் ஆகியவற்றில் எது வேண்டாம் என்று ஒவ்வொருவரும் மாஸ்டரிடம் தனியாகச் சொல்லி வையுங்கள். மேசை விளையாட்டுக்காரர்கள் இதற்கென்றே எக்ஸ் அட்டை என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். யார் அதைத் தொட்டாலும் காட்சி மாறும், காரணம் கேட்கப்படாது. நமக்கு 'நிறுத்து' என்ற ஒரு சொல் போதும். பாத்திரத்தின் கோபத்தை ஆள் மேல் காட்டுகிறவரை முதல் தடவை தனியாகக் கண்டியுங்கள். இரண்டாம் தடவை வெளியே அனுப்புங்கள்.

10. முடிவை முன்கூட்டியே வையுங்கள்

காமனைச் சிவன் எரிப்பான் என்று கூத்துப் பார்க்க வருகிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோம், எப்படி எரியப்போகிறான், ரதி என்ன சொல்லி அழப்போகிறாள் என்று பார்ப்பதற்கு. உங்கள் கதையும் எங்கே போய் முடியும் என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கட்டும். வழி மட்டும் தெரியாமல் இருக்கட்டும்.

நீளத்தையும் அடக்குங்கள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1962இல் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்' என்று மாணவர்களை வைத்து மேடையேற்றியபோது, இரவு முழுக்க ஆடுகிற கூத்தைச் சுருக்கித்தான் கொடுத்தார். கூத்து அதனால் குறைந்துபோகவில்லை. பல்கலைக்கழக மேடையில் புதிய பார்வையாளர்களைப் பிடித்தது. லீவு முடிவதற்கு ஒரு வாரம் முன்னதாகக் கடைசிச் சண்டையை வையுங்கள். முடிந்த பிறகு குழுவின் உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து, எழுத்துப்பிழை திருத்தி, எல்லார் பெயரும் போட்டு ஒரு பிரதி அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாமாருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை போனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது என்று ஏசுவதற்கு முன், அது என்ன எழுதுகிறது என்று ஒரு தடவை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அடுத்தவர் முறைக்குக் காத்திருக்கவும், தோற்ற பிறகும் அடுத்த வரியை எழுதவும் பழகுகிற பிள்ளை நேரத்தை வீணாக்கவில்லை.