இலவசம்தான், ஆனால் யாருடையது?



நம் கிளையில் ஒருவர் கணினித் துறையில் படிக்கிறார் என்று தெரிந்தால் போதும். "தம்பி, நம்ம கிளைக்கு ஒரு வெப்சைட் செஞ்சு குடுப்பா" என்று பெரியவர்கள் கேட்டுவிடுவார்கள். நாமும் சந்தோஷமாகத் தலையாட்டிவிடுவோம். எனக்கும் அப்படித்தான் நடந்தது. அப்போது எனக்கு 20 வயது, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அன்று நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லித்தான் இந்தப் பாடத்தைத் தொடங்க வேண்டும். சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் நீங்கள் அதே பள்ளத்தில் விழாமல் இருந்தால் சரி.

அன்று நடந்தது

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்கான பண்பாட்டு முகாம். பெற்றோர் இணையத்திலேயே பெயர் பதிய வேண்டும், கட்டணம் செலுத்திய ரசீதையும் அங்கேயே ஏற்ற வேண்டும். வோர்ட்பிரஸ்ஸில் தளத்தை அமைத்துவிட்டேன். பதிவுப் படிவத்துக்கு ஒரு நல்ல பிளகின் கண்ணில் பட்டது. ஆண்டுக்கு 50 டாலருக்கு மேல். ரிங்கிட்டில் கணக்குப் போட்டுப் பார்த்ததும் மனசு வரவில்லை. செயலவையிடம் கேட்கவும் கூச்சம். நண்பன் ஒருவன், "எதுக்குடா காசு? என்கிட்ட கிராக் இருக்கு" என்று புலனத்தில் ஒரு ஜிப் கோப்பை அனுப்பினான். பதிவேற்றினேன். அருமையாக வேலை செய்தது. "எல்லாம் இலவசமா முடிச்சிட்டேன் அங்கிள்" என்று பொருளாளரிடம் பெருமையாகச் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு தாயார் எங்கள் செயலாளர் அக்காவுக்கு அழைத்தார். "மகன் பேரைப் பதியப் போனா சூதாட்டப் பக்கம் வருதுங்களே!" ஓடிப்போய்ப் பார்த்தேன். அந்த ஜிப்புக்குள் யாரோ வேறு நிரலையும் சொருகி வைத்திருந்தார்கள். உடனே தளத்தை மூடினோம். ஆனால் அதற்குள் 43 பிள்ளைகளின் பெயர், மைகிட் எண், பெற்றோரின் தொலைபேசி எண் எல்லாம் அதில் பதிவாகியிருந்தன. யாராவது எடுத்தார்களா இல்லையா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அக்காவும் நானும் உட்கார்ந்து 43 வீட்டுக்கும் ஒவ்வொன்றாக அழைத்து விஷயத்தைச் சொன்னோம். சிலர் திட்டினார்கள். சிலர் ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டார்கள். அதுதான் அதிகம் வலித்தது.

பொருளாளர் அங்கிள் கோபப்படவில்லை. "ஏன் தம்பி, வேணும்னு கேட்டிருந்தா குடுத்திருப்போமே?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்று வரை என்னிடம் பதில் இல்லை. பதிலுக்குப் பதிலாக, அன்றிலிருந்து நான் படித்துத் தெரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன்.

முதல் பாடம்: எழுதியவருக்கே சொந்தம்

மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்புகளின் வரிசையில் வைத்துள்ளது. கதை எழுதியவருக்கு உள்ள அதே உரிமை நிரல் எழுதியவருக்கும் உண்டு. சிங்கப்பூரின் 2021 பதிப்புரிமைச் சட்டமும் நிரலைப் பாதுகாக்கிறது. எங்கும் போய்ப் பதிந்துகொள்ளத் தேவையில்லை. எழுதி முடித்ததுமே உரிமை வந்துவிடும்.

இதிலிருந்து ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இணையத்தில் ஒரு நிரல் திறந்து கிடக்கிறது, அதில் உரிமம் பற்றி ஒரு வரியும் இல்லை என்றால், "யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்" என்று நினைத்துவிடாதீர்கள். யாருக்கும் அனுமதி தரவில்லை என்றுதான் பொருள். அனுமதியைத் தரும் கடிதம்தான் உரிமம், அதாவது லைசென்ஸ். 'இலவசம்' என்பது விலையைச் சொல்கிறது. உரிமம் நிபந்தனையைச் சொல்கிறது. இரண்டையும் பார்க்க வேண்டும்.

"யார் வந்து கேக்கப் போறாங்க?" என்று சிலர் சொல்வார்கள். அமெரிக்காவில் ராபர்ட் ஜேக்கப்சன் என்ற இயற்பியலாளர் பொம்மை ரயில்களை இயக்கும் மென்பொருளைத் திறந்த உரிமத்தில் இலவசமாக வெளியிட்டார். ஒரு நிறுவனம் அதிலிருந்து கோப்புகளை எடுத்துத் தன் பொருளில் சேர்த்தது. உரிமம் கேட்டபடி எழுதியவர் பெயரைப் போடவில்லை. வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. இலவசமாகக் கொடுத்திருந்தாலும் நிபந்தனையை மீறினால் அது பதிப்புரிமை மீறலாகலாம் என்று 2008இல் தீர்ப்பு வந்தது. பொம்மை ரயில்தானே என்று நீதிமன்றம் ஒதுக்கிவிடவில்லை.

இரண்டாம் பாடம்: இரண்டு பெரிய குடும்பங்கள்

உரிமங்கள் நிறைய இருக்கின்றன. பயப்பட வேண்டாம். நம் வேலைக்குப் பெரும்பாலும் இரண்டு குடும்பங்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதல் குடும்பம் தாராளமானது. எம்.ஐ.டி., பி.எஸ்.டி., அப்பாச்சி 2.0 எல்லாம் இதில் அடங்கும். பூட்ஸ்ட்ராப், ஜேகுவெரி, ரியாக்ட் மூன்றும் எம்.ஐ.டி. உரிமத்தில் கிடைக்கின்றன. பயன்படுத்தலாம், மாற்றலாம், விற்கும் பொருளிலும் சேர்க்கலாம். ஒரே நிபந்தனை, எழுதியவரின் பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் கூடவே வைத்திருக்க வேண்டும். கோப்பின் தலையில் நாலு வரி இருக்கும். "அசிங்கமா இருக்கு" என்று அதை அழித்துவிடாதீர்கள். அவர் நம்மிடம் கேட்கும் கூலி அந்த நாலு வரிதான். அப்பாச்சி 2.0 இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். கோப்பில் மாற்றம் செய்திருந்தால் மாற்றியதாகக் குறிப்பிட வேண்டும்.

இரண்டாவது குடும்பம் ஜி.பி.எல். ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதிய இதன் முதல் பதிப்பு 1989இல் வந்தது. 2003இல் தொடங்கிய வோர்ட்பிரஸ் இதன் இரண்டாம் பதிப்பைப் பின்பற்றுகிறது. ஜூம்லா, துருப்பல் ஆகியவையும் ஜி.பி.எல்.தான். ஒரு விளக்கிலிருந்து நம் விளக்கை ஏற்றிக்கொள்கிறோம். அடுத்தவர் வந்து கேட்டால் நம் விளக்கிலிருந்தும் ஏற்ற விட வேண்டும். அவ்வளவுதான் இதன் கருத்து. ஜி.பி.எல். நிரலை மாற்றி இன்னொருவரிடம் கொடுத்தால், மூல நிரலையும் அதே உரிமைகளையும் அவருக்குத் தர வேண்டும். வேலைக்குக் காசு வாங்கலாம், தடையில்லை. நம் சர்வரில் மட்டும் ஓட்டினால், அது கொடுத்ததாக ஆகாது. ஆனால் ஏ.ஜி.பி.எல். என்று ஒரு தம்பி உண்டு. மாற்றிய நிரலை இணையம் வழியே பிறர் பயன்படுத்தினாலே மூல நிரலைத் தர வேண்டும் என்பது அவன் சட்டம். பெயரில் ஓர் எழுத்துதான் கூடுதல், கவனம்.

இங்கே ஒரு புத்திசாலித் தங்கை கேட்கலாம்: "அண்ணா, வோர்ட்பிரஸ் பிளகினின் பி.எச்.பி. நிரலும் ஜி.பி.எல்.தான்னு அந்தத் திட்டமே சொல்லுதே. அப்படின்னா உங்க நண்பர் நகல் கொடுத்ததில் என்ன தப்பு?" நல்ல கேள்வி. அந்த நிரலை நகலெடுப்பதை ஜி.பி.எல். தடுக்காது. ஆனால் கூட வரும் படங்களுக்கும் வடிவமைப்புக்கும் வேறு உரிமம் இருக்கலாம். அதைவிட முக்கியம், அந்த 50 டாலர் எதற்கு என்பது. செய்தவர் கையிலிருந்து நேராக வருகிறது என்ற உறுதிக்கும், ஓட்டை தெரிந்ததும் வரும் அப்டேட்டுக்கும், கேட்டால் கிடைக்கும் உதவிக்கும்தான் அந்தக் காசு. எனக்குக் கிடைத்த ஜிப்பில் இந்த மூன்றும் இல்லை. நான் மிச்சம் பிடித்ததாக நினைத்த காசு 43 குடும்பங்களின் பாதுகாப்பிலிருந்து வந்தது.

மூன்றாம் பாடம்: எழுத்துருவும் படமும்

நிரலைக் கவனிக்கும் பிள்ளைகள்கூட இதைக் கோட்டை விடுவார்கள். விண்டோஸில் லதா எழுத்துரு இருக்கிறது. மேக் கணினியில் இணைமதி இருக்கிறது. இணைமதியை வடிவமைத்தவர் நம் மலேசியர், முரசு அஞ்சல் தந்த முத்து நெடுமாறன். நம் கணினியில் எழுத்துரு இருப்பதால் அந்தக் கோப்பை எடுத்துத் தளத்தின் சர்வரில் ஏற்றலாம் என்று ஆகாது. கணினியோடு வந்த அனுமதி வேறு, தளத்தில் ஏற்றிப் பரப்பும் அனுமதி வேறு.

அதற்காகத் தமிழுக்குப் பஞ்சமில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரான், முக்தா மலர் போன்றவை ஓ.எஃப்.எல். என்ற திறந்த எழுத்துரு உரிமத்தில் கிடைக்கின்றன. தளத்தில் தாராளமாகச் சேர்க்கலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது.

படமும் அப்படித்தான். திருவிழா பேனருக்கு முருகன் படம் வேண்டும் என்றால் தேடுபொறியில் முதலில் வருவதை எடுத்துப் போட்டுவிடுகிறோம். சாமி எல்லோருக்கும் பொது. அந்தப் படத்தை வரைந்த ஓவியருக்கு வீட்டு வாடகை உண்டு. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் உள்ள படமாகத் தேடுங்கள். அதில் 'பி.ஒய்.' என்றால் பெயர் போட வேண்டும், 'என்.சி.' என்றால் வணிகத்துக்குக் கூடாது, 'என்.டி.' என்றால் மாற்றியதை வெளியிடக் கூடாது, 'எஸ்.ஏ.' என்றால் மாற்றியதையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். இதெல்லாம் தலைவலி என்றால் கிளையில் வரையத் தெரிந்த பிள்ளையிடம் கேளுங்கள். மகிழ்ச்சியாக வரைந்து தருவார்கள். பெயரையும் மறக்காமல் போடுங்கள்.

நான்காம் பாடம்: தேர்ந்தெடுக்கும் முன் ஐந்து கேள்வி

ஒன்று, உரிமம் என்ன? விளம்பரப் பக்கத்தை நம்பாமல் உரிமக் கோப்பையே திறந்து படியுங்கள். எம்.ஐ.டி. உரிமத்தை இரண்டு நிமிடத்தில் படித்துவிடலாம். எந்தப் பதிப்பு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் உரிமம் மாறும். ரெடிஸ் என்ற புகழ்பெற்ற தரவுத்தளம் பல ஆண்டுகள் பி.எஸ்.டி. உரிமத்தில் இருந்தது. 2024இல் 7.4 பதிப்பிலிருந்து அதை மாற்றிவிட்டார்கள்.

இரண்டு, யார் பராமரிக்கிறார்கள்? கடைசியாக எப்போது அப்டேட் வந்தது? 2016 மார்ச்சில் 'லெஃப்ட் பேட்' என்ற 11 வரி நிரலை எழுதியவர் ஒரு தகராறில் அதை நீக்கிவிட்டார். அதை நம்பியிருந்த உலகப் புகழ்பெற்ற திட்டங்கள் பலவும் கொஞ்ச நேரம் ஸ்தம்பித்தன.

மூன்று, அடுத்த ஆண்டு எவ்வளவு? முதல் ஆண்டு சலுகை விலையாக இருக்கும். புதுப்பிக்கும் விலையைப் பாருங்கள், ரிங்கிட்டில் கணக்குப் போடுங்கள். பதிவு பெற்ற அறப்பணி இயக்கங்களுக்குச் சலுகை தரும் நிறுவனங்களும் உண்டு. கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

நான்கு, வெளியே வர முடியுமா? நாளை வேறு கருவிக்கு மாறினால் பதிவுகளை முழுதாக எடுத்துச் செல்ல வழி இருக்கிறதா?

ஐந்து, யார் பெயரில்? மாணவர் உரிமம் பெரும்பாலும் படிப்புக்காக உங்களுக்கு மட்டும் தரப்படுவது. அதை வைத்துக் கிளைக்கோ வாடிக்கையாளருக்கோ வேலை செய்து கொடுக்கும் முன் நிபந்தனையைப் படியுங்கள். கிளைக்கு வாங்குவதைக் கிளையின் மின்னஞ்சலிலேயே வாங்குங்கள். நீங்கள் வேலை கிடைத்து ஜொகூருக்கோ சிங்கப்பூருக்கோ போய்விட்டால் கடவுச்சொல்லும் கூடவே போய்விடக் கூடாது.

கிளைக் கூட்டத்தில் செய்து பார்க்க

உங்கள் கிளைத் தளத்தைத் திறந்து வையுங்கள். ஒரு தாளில் ஐந்து கட்டம் போடுங்கள்: கருவியின் பெயர், பதிப்பு, உரிமம், எங்கிருந்து எடுத்தோம், ஆண்டுச் செலவு. தீம், பிளகின், எழுத்துரு, படம் எதையும் விடாமல் நிரப்புங்கள். 'எங்கிருந்து' என்ற கட்டத்தில் எழுதக் கூச்சமாக இருக்கிறதா? அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும். காசு தேவைப்பட்டால் அடுத்த செயலவைக் கூட்டத்திலேயே கேளுங்கள்.

அடுத்த ஆண்டு நான் கேட்டேன். மூன்று நிமிடத்தில் ஒப்புதல் கிடைத்தது. அந்த 43 வீடுகளில் பல வீட்டுப் பிள்ளைகள் திரும்பவும் முகாமுக்கு வந்தார்கள், சில வீடுகளிலிருந்து வரவில்லை. இப்போது தளத்தை ஒரு தங்கை பார்த்துக்கொள்கிறாள். பொறுப்பை ஒப்படைத்த அன்று, கடவுச்சொல்லுக்கு முன்னால் அந்த ஐந்து கட்டத் தாளைத்தான் அவள் கையில் கொடுத்தேன்.