கடை வாசல் கால்வாய் எங்கே போகிறது?



சென்ற மாதம் சிராங்கூன் சாலைப் பக்கமுள்ள எமது மளிகைக் கடையில் ஒரு தேங்காயெண்ணெய் டின் தவறி விழுந்து, எண்ணெய் தரையெல்லாம் ஓடிற்று. கடைப் பையன் சவர்க்காரத் தூளைத் தூவி, தண்ணீரைப் பீய்ச்சி, அஞ்சடி வழியாகக் கால்வாயில் தள்ளிவிட்டான். தரை பளிச்சென்று ஆகியது. நாமும் "சபாஷ்" என்றோம்.

பார்த்துக்கொண்டிருந்த பக்கத்துத் துணிக்கடைப் பெரியவர் கேட்டார்: "தம்பி, அந்தத் தண்ணீர் எங்கே போகுது?"

"கடலுக்குத்தானே நானா?" என்றோம்.

"அது அந்தக் காலம். இப்போ திரும்பி உங்க வீட்டுக் குழாய்க்கு வருது" என்றார்.

இருபது வருஷம் கடை நடத்தியும் இதை நாம் அறியாதிருந்தது வெட்கமாயிற்று. பிறகு விசாரித்து அறிந்துகொண்டதையே இங்கு எழுதுகிறோம்.

இரண்டு வழிகள்

சிங்கப்பூரில் தண்ணீர் வெளியேற இரண்டு தனித்தனி வழிகள் உண்டு. குளியலறை, கழிவறை, சமையலறைத் தண்ணீர் நிலத்தடிக் குழாய் வழியே சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செல்கிறது. வாசலிலுள்ள கால்வாயோ மழைநீருக்காக வெட்டப்பட்டது. அதில் விழுவது யாதொரு சுத்திகரிப்புமின்றி நேரே ஓடைக்கும் ஆற்றுக்கும் போய்ச் சேரும். தேக்கா வட்டாரத்து மழைநீர் ரோச்சோர் கால்வாயில் கலந்து காலாங் பக்கம் ஓடுகிறது.

முன்பு அது கடலில் கலந்தது. 2008-இல் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்ட பின்னர், ஆற்று முகத்துவாரமே குடிநீர்த் தேக்கமாகிவிட்டது. சுமார் 10,000 ஹெக்டர் நிலத்து மழைநீர், அதாவது இத்தீவின் ஆறில் ஒரு பங்கில் பெய்யும் மழை, அங்கே வந்து சேர்கிறது. அதைச் சுத்திகரித்த பிறகே குழாயில் விடுகிறார்கள். ஆயினும் அழுக்கு மிகுந்தால் சுத்திகரிக்கும் வேலையும் செலவும் மிகும். நாம் குடிப்பதும், ஒளுச் செய்வதும் அந்தத் தண்ணீரில்தான்.

மழை எப்படி அசுத்தமாகிறது?

மண் தரையில் பெய்யும் மழை நிலத்தில் ஊறும். மண்ணே அதை வடிகட்டும். சிமெண்டுத் தரையிலும் தார் ரோட்டிலும் ஊற வழியில்லை. ஆகவே வழியிலுள்ள வண்டி எண்ணெய், சிகரெட்டுத் துண்டு, உணவுத் துணுக்கு, மண், பிளாஸ்டிக் பை எல்லாவற்றையும் வாரிக்கொண்டு ஓடுகிறது. பல நாள் வெயிலுக்குப் பின் பெய்யும் மழையின் முதல் வெள்ளம்தான் மிகவும் அசுத்தமானது.

எண்ணெய் நீரின் மேல் ஆடைபோலப் படர்ந்து காற்றுப் புகாமல் தடுக்கும். சோறும் குழம்பும் அழுகும்போது கிருமிகள் பெருகி, நீரிலுள்ள பிராணவாயுவை உண்டு தீர்த்துவிடும். மீன்கள் மூச்சுத் திணறிச் சாகும். செடிக்கு இட்ட உரம் நீரில் கரைந்து பாசியைக் கொழுக்கச் செய்யும். குப்பை அடைத்தால் தண்ணீர் தேங்கிக் கொசு முட்டையிடும்.

இது நமக்குப் புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சூலியர் எனப்பட்ட நம்மவர்கள் சரக்குத் தோணி ஓட்டிப் பிழைத்த சிங்கப்பூர் ஆறு, பிற்காலத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கும்படி நாறியது. 1977-இல் அன்றைய பிரதமர் லீ குவான் இயூ அதைச் சுத்தம் செய்யும்படி பணித்தார். வேலை முடிய 1987 ஆயிற்று. அதற்காகத் தெருவோர வியாபாரிகள் இடம் மாறினர்; பன்றி, வாத்துப் பண்ணைகள் அகற்றப்பட்டன; 1983-இல் சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்குச் சென்றன. எத்தனையோ பேர் தம் பிழைப்பை மாற்றிக்கொண்டதால் சுத்தமான ஆறு அது. அதை ஒரு வாளித் தண்ணீரால் நாம் கெடுக்கலாமா?

நாம் செய்ய வேண்டியவை

1. கடை வாசலை முதலில் உலரக் கூட்டி, குப்பையை அள்ளித் தொட்டியில் போடுக. கால்வாய்க்குள் தள்ளற்க.

2. எண்ணெய் சிந்தினால் தண்ணீர் ஊற்றலாகாது. மரத்தூள் அல்லது பழைய பத்திரிகையால் உறிஞ்சவிட்டு, பையில் கட்டிக் குப்பையில் சேர்க்கவும்.

3. தரை துடைத்த அழுக்குத் தண்ணீரைக் கழிவறையில் ஊற்றுக.

4. உணவுக் கடைக்காரர்கள் பொரித்த எண்ணெயை டின்னில் சேர்த்து, பழைய எண்ணெய் வாங்குவோரிடம் கொடுக்கலாம். கழிவுக் குழாயிலுள்ள கொழுப்புத் தொட்டியைத் தவணை தவறாமல் சுத்தம் செய்யவேண்டும்.

5. சரக்கு வண்டியில் எண்ணெய் ஒழுகினால் உடனே பழுது பார்க்கவும்.

6. மழை வரும் நேரத்தில் செடிக்கு உரம் இடவேண்டாம். சாயத் தூரிகையைக் கால்வாயோரம் கழுவவேண்டாம்.

கால்வாயில் குப்பையையும் எண்ணெயையும் விடுவது சட்டப்படி குற்றமாகும். ஆயினும் அபராதத்துக்கு அஞ்சித்தான் செய்யவேண்டுமென்பதில்லை. எடைக்கல்லில் கைவைக்காத வியாபாரி, அடுத்தவர் குடிக்கும் தண்ணீரிலும் கைவைக்கமாட்டார்.

எமது கடைப் பையனைக் குறை சொல்வதற்கில்லை. சொல்லிக் கொடுக்காதது நம் பிழை. சபாஷ் போட்டது அதைவிடப் பெரும் பிழை. இப்போது கல்லாவுக்குப் பின்னால் ஒரு மூட்டை மரத்தூள் வைத்திருக்கிறோம். சென்ற வாரம் நெய் சிந்தியபோது, நாம் வாய் திறக்குமுன்பே அவன் அதை எடுத்து வந்து தூவினான். துணிக்கடைப் பெரியவர் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.